கிளெண்டா ஜாக்சன்: நடிக்காமல் போன அந்த 23 ஆண்டுகள் வீணா?

#1 ஒற்றைத்திரை

மனக்குறை ஒன்றைக் கொட்டுவதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இரண்டு வாரமாக இரவுச் சாப்பாடு முடிந்ததும் பிபிசியின் பழைய 'எலிசபெத் ஆர்' தொடரைப் பார்த்து வந்தேன். 1971-இல் வந்தது, இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசியின் கதை. ஆறு பகுதிகள், ஒவ்வொன்றையும் எழுதியவர் வேறு வேறு நாடகாசிரியர். பெரும்பாலும் ஸ்டுடியோவுக்குள்ளேயே எடுத்திருக்கிறார்கள். சுவர்கள் அட்டை என்பது முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது. பிரிட்டிஷ் நடிகை கிளெண்டா ஜாக்சன் வந்து நின்றதும் அந்த அட்டை கல்லாகிவிடுகிறது. தலை தப்புமா என்று தெரியாமல் விசாரணைக்கு நிற்கும் இளம்பெண்ணாகத் தொடங்கி, 69 வயதில் சாகும் அரசி வரை ஒரே ஆள். வழுக்கைத் தொப்பி வேண்டாமென்று முன்தலையை மழித்துக்கொண்டார். குதிரையேற்றம், வில், அந்தக் காலத்து அலங்கார எழுத்து எல்லாம் பழகினார். அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மி இரண்டு கிடைத்தன.

இரண்டு ஆஸ்காரும் வாங்கிய இந்த அம்மாள், 1992-இல் 55 வயதில் நடிப்பை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு லேபர் கட்சியின் எம்.பி. ஆகிவிட்டார். 2015 வரை அங்கேயே இருந்தார். 23 ஆண்டுகள்! ஒரு நடிகையின் முதிர்ந்த பருவம் முழுவதும் தொகுதிக் குறைகேட்பிலும் குழுக் கூட்டங்களிலும் போயிற்றே. எனக்கு இது வீணாகத்தான் படுகிறது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 கடைசி வரிசை

எம்.பி.யாக இருந்தது வீண் என்கிறீர்களா, நடிக்காமல் இருந்தது வீண் என்கிறீர்களா? இரண்டும் ஒன்றல்ல.

#3 நாடகப்பித்தன்

ஒற்றைத்திரை தம்பி, உங்கள் குறை எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தப் பெண்மணி எங்கிருந்து வந்தார் என்பதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

1936-இல் பர்கன்ஹெட்டில் பிறந்தவர். அப்பா கொத்தனார். அம்மா வீடுகளில் துப்புரவு வேலை பார்த்தார், மதுக்கடையிலும் வேலை செய்தார். நான்கு பெண்களில் இவர் மூத்தவர். அக்காலத்து ஹாலிவுட் நடிகை கிளெண்டா ஃபாரெல் நினைவாகப் பெயர் வைத்தார்களாம். பள்ளி முடிந்ததும் பூட்ஸ் மருந்துக் கடையில் இரண்டு ஆண்டுகள் நின்றுகொண்டே வேலை. உள்ளூர்ப் பொழுதுபோக்கு நாடகக் குழுவில் நடித்துப் பார்த்து, உதவித்தொகையோடு லண்டனின் ராடா நாடகப் பள்ளிக்குள் நுழைந்தார். அங்கே முதல்வர் என்ன சொன்னார் தெரியுமா? நீ குணச்சித்திர நடிகை, நாற்பது வயதுவரை பெரிதாக வேலை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதே என்றார். இதை ஜாக்சனே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

சொன்னது ஏறக்குறைய பலிக்கவும் செய்தது. ஊர் ஊராகச் சிறு நாடகக் குழுக்கள், நடுநடுவே வேலையில்லாத மாதங்கள். 1964-இல் இயக்குநர் பீட்டர் புரூக் கண்ணில் பட்ட பிறகுதான் விடிந்தது. 'மாரா/சாட்' நாடகத்தில் மனநல விடுதியில் அடைபட்ட ஒருத்தி (ஜாக்சன்), பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் மாராவைக் கொன்ற சார்லோட் கோர்டேயாக வேடம் கட்டுகிறாள். தன் நீண்ட கூந்தலையே சாட்டையாக்கி ஒருவன் முதுகில் அடிக்கிறாள். படமாகவும் வந்தது, கிடைத்தால் பாருங்கள். அடியைவிட அந்தக் கண்கள்தான் பயமுறுத்தும். பாதித் தூக்கத்தில் இருப்பவளின் கண்கள்.

ரசிகனின் அனுதாபத்துக்கு அவர் ஒருபோதும் கையேந்தியதில்லை. 'விமன் இன் லவ்' படத்தை எண்பதுகளில் ஒரு திரைப்படச் சங்கத்தின் திரையிடலில் பார்த்தேன். ஏரிக்கரையில் நீண்ட கொம்புள்ள மாட்டுக் கூட்டம் வந்து நிற்கிறது. தங்கை மிரள்கிறாள் என்பது நினைவு, ஒருவேளை அக்காளாகவும் இருக்கலாம். ஜாக்சன் நடிக்கும் குட்ருன் மட்டும் கைகளை விரித்துக்கொண்டு மாடுகளை நோக்கி ஆடியபடியே போகிறாள். அழகாக ஆட வேண்டும் என்ற எண்ணம் அந்த உடம்பில் துளியும் இல்லை. மாடுகள்தான் பின்வாங்குகின்றன. என் பக்கத்து நாற்காலிக்காரர் "என்ன பொம்பளைய்யா" என்று முணுமுணுத்தது இன்னும் காதில் இருக்கிறது.

அந்த ஆள்தான் பிறகு எம்.பி. ஆனார். எனக்கு அதில் அதிர்ச்சி இல்லை.

#4 பாப்கார்ன் பாண்டி

இரண்டாவது ஆஸ்கார் வாங்கியபோது மேடையில் அவர் ஆற்றிய உரைதான் அரசியல் பாதைக்கு முதல் படி என்று எங்கேயோ படித்தேன். யாரிடமாவது அந்தக் காணொளி இருக்கிறதா?

#5 கடைசி வரிசை

இருக்க வாய்ப்பில்லை, பாண்டி. இரண்டு முறையும் அவர் விழாவுக்கே போகவில்லை. முதல் முறை அவர் சார்பில் வாங்கியவர் ஜூலியட் மில்ஸ். இரண்டாம் முறை படத்தின் இயக்குநர் மெல்வின் ஃபிராங்க்.

சிலைகள் அம்மாவின் வீட்டுக்குப் போயின. அந்த அம்மாள் பித்தளைச் செம்பு துலக்குவதுபோலத் தேய்த்துத் தேய்த்து, தங்கப் பூச்சே போய்விட்டதாம். மகளே சொன்ன கதை இது.

#6 பாப்கார்ன் பாண்டி

சரி, படித்த இடத்தை இனி நம்பமாட்டேன். தங்கப் பூச்சுக் கதைக்கு நன்றி.

#7 மழைக்கால வாசகி

நாடகப்பித்தன் ஐயா, குட்ருன்தான் தங்கை, அர்சுலாதான் அக்காள். அதைத் தவிர நீங்கள் சொன்ன அத்தனையும் சரி.

எல்லோரும் ராணி வேடத்தையே பிடித்துக்கொள்கிறார்கள். எனக்குப் பிடித்தது 'சண்டே பிளடி சண்டே'. அதுவும் 1971தான். மணவிலக்கு ஆன, வேலைக்குப் போகிற அலெக்ஸ் என்ற பெண். அவள் காதலிக்கும் இளைஞனை ஒரு நடுவயது மருத்துவரும் காதலிக்கிறார். மூவருக்கும் இது தெரியும். கூச்சலும் இல்லை, கண்ணீர் வெள்ளமும் இல்லை. மருத்துவராக வரும் பீட்டர் ஃபின்ச்சும் அபாரம். இருவருக்கும் அந்த ஆண்டு பிரிட்டனின் திரை விருதான பாஃப்டா கிடைத்தது.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். காலையில் நேரமாகிவிட்டது. அலெக்ஸ் கோப்பையில் காப்பித்தூளைப் போட்டுக் குழாயிலிருந்து வரும் சுடுதண்ணீரை அப்படியே பிடித்துக் கலக்கிக் குடிக்கிறாள். தண்ணீரைக் கொதிக்க வைக்கக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை. நான் தனியாக ஒரு நகரத்தில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போன மூன்று வருடமும் அந்த ஒரு வாய்க் காப்பிக்குள் இருந்தது. வசனமே கிடையாது. இன்னொரு நடிகையாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டிருப்பார். இவர் குடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்.

#8 நாடகப்பித்தன்

அக்காள் தங்கை திருத்தத்துக்குத் தலைவணங்குகிறேன் அம்மா. நாற்பது வருட ஞாபகம், அவ்வளவுதான்.

அந்த 1971-ஐ மட்டும் யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் தொலைக்காட்சியில் ராணி. ஏப்ரலில் ஆஸ்கார். ஜூனில் மோர்கம்–வைஸ் நகைச்சுவை நிகழ்ச்சியில் கிளியோபாட்ரா. அடுத்து நீங்கள் சொன்ன படம். ஆண்டு முடிவில் 'மேரி, குவீன் ஆஃப் ஸ்காட்ஸ்' படத்தில் மறுபடியும் அதே எலிசபெத், எதிரில் வனெஸ்ஸா ரெட்கிரேவ்.

அந்த மோர்கம்–வைஸ் துணுக்கு இருக்கிறதே, அது சாதாரணச் சமாசாரம் இல்லை. எர்னி வைஸ் எழுதியதாகச் சொல்லப்படும் படுமட்டமான நாடகத்தில், இலக்கணமே இல்லாத வசனங்களை இவர் ஷேக்ஸ்பியர் பேசுகிற அதே கம்பீரத்தோடு பேசுகிறார். முகத்தில் ஒரு சிரிப்புக்கீற்று இல்லை. அதைப் பார்த்துத்தான் மெல்வின் ஃபிராங்க் 'எ டச் ஆஃப் கிளாஸ்' படத்துக்கு அழைத்தார். அந்தப் படம்தான் இரண்டாவது ஆஸ்கார். எங்களோடு ஒட்டிக்கொண்டிரு, மூன்றாவதையும் வாங்கித் தருகிறோம் என்ற பொருளில் அந்த இரட்டையர் தந்தி அடித்தார்களாம்.

எனக்கென்னவோ அந்தப் படத்தைவிடத் துணுக்குதான் நன்றாக இருக்கிறது. படம் இப்போது பார்த்தால் கொஞ்சம் ஊசிப்போயிருக்கிறது.

#9 ஒற்றைத்திரை

கடைசி வரிசை கேட்டதற்குப் பதில்: நடிக்காமல் இருந்ததைத்தான் சொல்கிறேன்.

இவரைவிட இரண்டே வயது மூத்தவர்கள் ஜூடி டென்ச்சும் மேகி ஸ்மித்தும். டென்ச் 1995-இல் ஜேம்ஸ் பாண்டின் மேலதிகாரி ஆனார். 1997-இல் விக்டோரியா மகாராணி. மறு ஆண்டு 'ஷேக்ஸ்பியர் இன் லவ்' படத்தில் சில நிமிடமே வந்து எலிசபெத் ராணியாக ஆஸ்கார் வாங்கிப் போனார். கவனியுங்கள், அதே எலிசபெத்! மேகி ஸ்மித்துக்கு 2001-லிருந்து ஹாரி பாட்டர், பிறகு 'டவுன்டன் ஆபி'. ஹெலன் மிர்ரன் 2005-இல் தொலைக்காட்சியில் முதலாம் எலிசபெத், அடுத்த ஆண்டே 'தி குவீன்' படத்தில் இரண்டாம் எலிசபெத்.

ஆக, அந்த நாட்டில் வயதான நடிகைகளின் அறுவடைக் காலமே அந்த 23 ஆண்டுகள்தான். அப்போது நம்மவர் வயலில் இல்லை.

#10 கடைசி வரிசை

1991-இல் நின்றுகொண்டு 2001-இல் என்ன விளையும் என்று யாருக்குத் தெரியும்? அவர் பார்த்தது எழுபதுகளின் கடைசியையும் எண்பதுகளையும். வால்டர் மத்தாவோடு 'ஹவுஸ் கால்ஸ்', 'ஹாப்ஸ்காட்ச்' ஆகிய இரண்டும் இனிமையான படங்கள், அவ்வளவே. உருப்படியாகச் சொல்ல வேண்டுமானால் 'ஸ்டீவி' இருக்கிறது, 'டர்ட்டில் டைரி' இருக்கிறது. 1989-இல் கென் ரஸ்ஸல் எடுத்த 'தி ரெயின்போ'வில் அவருக்குக் கிடைத்த வேடம், இருபது ஆண்டுக்கு முன் அவரே நடித்த குட்ருனின் அம்மா. தான் ஆடிய வீட்டுக்குத் தானே மாமியாராக வந்தது மாதிரி.

நல்ல வேடங்கள் மேடையில்தான் இருந்தன. 1984-இல் யூஜீன் ஓ'நீலின் 'ஸ்ட்ரேஞ்ச் இன்டர்லூட்', ஏறக்குறைய ஐந்து மணி நேர நாடகம். இக்கால எழுத்தாளர்கள் பெண்ணைக் கதையின் எஞ்சினாக வைத்து எழுதுவதே இல்லை என்று அவர் கடைசிவரை புலம்பிக்கொண்டே இருந்தார்.

#11 ஈஸ்ட்ஹாம்வாசி

வணக்கம். எப்போதாவதுதான் எழுதுவேன், ஆனால் இந்த இழையில் என் பங்கு 42-இல் ஒன்று.

2010-இல் நான் கில்பர்னில் ஒரு கடைக்கு மேலே இருந்த அறையில் குடியிருந்தேன். பிரிட்டிஷ் கடவுச்சீட்டு அப்போது இல்லை. ஆனாலும் காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் என்பதால் வாக்குரிமை உண்டு. தேர்தல் நாளன்று இரவுப் பணி முடிந்து வந்து, படுத்துவிடலாமா, போய்க் குத்திவிட்டு வரலாமா என்று செருப்பை மாட்டிக்கொண்டே யோசித்தது நன்றாக நினைவிருக்கிறது. போனேன். மறுநாள் பார்த்தால் ஹாம்ஸ்டெட்–கில்பர்ன் தொகுதியில் ஜாக்சன் வென்றது 42 வாக்கு வித்தியாசத்தில்! மூன்றாவதாக வந்தவர்கூட ஆயிரம் வாக்குக்குள்தான் பின்தங்கியிருந்தார். அவர் நடித்த ஒரு படம்கூட அன்று நான் பார்த்ததில்லை. நட்சத்திரம் என்று நினைத்து யாரும் கூடையில் வாக்கைக் கொட்டிவிடவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

1992-இலும் அப்படித்தான். நாடு முழுக்கக் கன்சர்வேட்டிவ் கட்சி வென்ற தேர்தலில், கன்சர்வேட்டிவ் வசமிருந்த தொகுதியை இவர் பிடித்தார். 1997-இல் போக்குவரத்துத் துறையில் இளநிலை அமைச்சர். 1999-இல் லண்டன் மேயர் பதவிக்கு முயல்வதற்காக அதை விட்டார். கட்சி ஃபிராங்க் டாப்சனை நிறுத்தியது. சுயேச்சையாக நின்ற கென் லிவிங்ஸ்டன் எல்லோருக்கும் நாமம் போட்டார். ஈராக் போரில் ஜாக்சன் தன் கட்சிப் பிரதமரையே எதிர்த்தார். அமைச்சராகச் சாதித்தது பெரிதாக ஒன்றும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 2013 ஏப்ரல் 10. முன்னாள் கன்சர்வேட்டிவ் பிரதமர் தாட்சர் மறைந்து நாடாளுமன்றத்தில் அஞ்சலி உரைகள். இறந்தவரைப் பற்றிக் குறை சொல்லலாகாது என்று எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்த அவையில் இவர் எழுந்தார். பள்ளிச் சுவரின் காரை உதிராமல் பிள்ளைகள் வரைந்த படங்களும் செலோடேப்பும்தான் தாங்கிக்கொண்டிருந்தன என்றார். நூலகத்தில் புத்தகங்களையும் செலோடேப்தான் சேர்த்துப் பிடித்திருந்தது என்றார். வீடற்றவர்களுக்குக் கடை வாசல்கள் படுக்கையறை ஆனதைச் சொன்னார். எதிர்வரிசையில் கூச்சல். அவைத்தலைவரிடம் முறையீடு போயிற்று. விதி மீறல் எதுவும் இல்லை என்றார் அவர். காணொளி இணையத்தில் இருக்கிறது. கையில் துண்டுக் காகிதம் இருந்ததா இல்லையா என்று பார்க்கவே தோன்றாது. அந்தக் குரல் அப்படி.

#12 ஒற்றைத்திரை

அதைத்தானே நானும் சொல்கிறேன், ஈஸ்ட்ஹாம் நண்பரே. அந்த ஏழெட்டு நிமிடமே அந்த 23 ஆண்டுகளில் அவருடைய சிறந்த நடிப்பு!

#13 மழைக்கால வாசகி

இல்லை. இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கோபத்தோடு ஒரு பெண் நன்றாகப் பேசினால் உடனே அது நடிப்பாகிவிடுமா? தான் வாழ்ந்த காலத்தைப் பற்றித்தான் அவர் பேசினார். வசனகர்த்தா எழுதிக் கொடுத்ததல்ல அது.

#14 ஒற்றைத்திரை

பாராட்டாகத்தான் சொன்னேன், சகோதரி. தவறாகப் பட்டால் மன்னிக்கவும்.

#15 ஈஸ்ட்ஹாம்வாசி

சண்டை வேண்டாம், 2016-க்கு வாருங்கள்.

79-ஆவது பிறந்தநாளுக்குச் சில நாள் முன்புதான் நாடாளுமன்றத்தைவிட்டு வெளியே வந்தார். மறு ஆண்டு இலையுதிர்காலத்தில் லண்டன் ஓல்ட் விக் அரங்கில் ஷேக்ஸ்பியரின் லியர் அரசன். ராணி அல்ல, அரசன். டெபோரா வார்னர் இயக்கம். 80 வயதில், கால் நூற்றாண்டு மேடை ஏறாதவர் எடுத்துக்கொண்ட முதல் வேடம் லியர்! எனக்குக் கிடைத்த மலிவு டிக்கெட் மேல்மாடத்தில், தூண் பாதியை மறைக்கும் இருக்கை. மேடையின் இடப்பக்கம் எனக்குக் கிடையாது. ஆளே தெரியாத நேரங்களில் அந்தக் குரல் மட்டும் தூணைச் சுற்றிக்கொண்டு வந்தது. ஒலிபெருக்கியில் பேசுகிறாரோ என்று முதலில் சந்தேகம். மேடையில் வெள்ளைப் பலகைகளைத் தவிர ஒன்றுமில்லை. புயலுக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பு படபடத்தது. அதற்கு நடுவே ஒல்லியான வெற்றுக் கால்களோடு ஒரு கிழவர். கிழவி என்று ஒரு கணமும் தோன்றவில்லை, ஆண் வேடம் கட்டிய பெண் என்றும் தோன்றவில்லை. வயதான ஒரு மனிதப் பிறவி, அவ்வளவுதான்.

பிறகு ஒரு பேட்டியில் அவர் சொன்னதைப் படித்தேன். எம்.பி.யாக முதியோர் இல்லங்களுக்குப் போய்வந்தபோது கவனித்தாராம். வயது ஏற ஏற ஆண், பெண் என்ற கோடு மங்கி விரிசல் விடத் தொடங்குகிறது என்று. லியரை அங்கேயிருந்துதான் பிடித்திருக்கிறார்.

#16 கடைசி வரிசை

ஒற்றைத்திரை, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

#17 நாடகப்பித்தன்

அவர் யோசிக்கட்டும். அதற்குள் மீதியைச் சொல்லிவிடுகிறேன். 2018-இல் நியூயார்க்கில் எட்வர்ட் ஆல்பியின் 'த்ரீ டால் விமன்', அமெரிக்க மேடை நாடகங்களுக்கான டோனி விருது. ஆஸ்கார், எம்மி, டோனி மூன்றும் சேர்ந்தன. 2019-இல் அதே ஊரில் வேறொரு இயக்குநரோடு மறுபடி லியர். அது அவ்வளவு எடுபடவில்லை. டோனிப் பரிந்துரைப் பட்டியலில் அவர் பெயர்கூட இல்லை. எல்லாம் வெற்றி என்று எழுதி மாலை போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

#18 மழைக்கால வாசகி

அதே 2019 டிசம்பரில் பிபிசியில் வந்த 'எலிசபெத் இஸ் மிஸ்ஸிங்' பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே. நினைவு அழிந்துகொண்டிருக்கும் மோட் என்ற மூதாட்டி, காணாமல்போன தோழியைத் தேடுகிறாள். இளமையில் காணாமல்போன அக்காளின் கதையும் அதில் வந்து கலந்துகொள்கிறது. எது எந்தக் காலம் என்று அவளுக்கே பிடிபடுவதில்லை. பாஃப்டா கிடைத்தது.

என் மாமியாரை ஆறு ஆண்டுகள் இந்த நோயோடு பார்த்துக்கொண்டேன். மோட் பையெல்லாம் துண்டுச் சீட்டு எழுதி வைத்துக்கொள்வாள். எங்கள் அத்தைக்கு எழுதும் பழக்கம் இல்லை, முந்தானையில் முடிச்சுப் போடுவார். பால் கணக்குக்கு ஒன்று, மாத்திரைக்கு ஒன்று. கடைசியில் முந்தானை முழுக்க முடிச்சாக இருந்தது. எந்த முடிச்சு எதற்கு என்று அவருக்கும் தெரியாது. அவிழ்க்கப் போனால் கையைத் தட்டிவிடுவார். அதில் கனிவு கிடையாது, வெறும் ஆத்திரம்தான்.

திரையில் இந்த நோயைக் காட்டும்போது பெரும்பாலும் பாவமான, சாதுவான பாட்டியைக் காட்டுவார்கள். நமக்கு அழ வசதியாக இருக்கும். ஜாக்சனின் மோட் எரிந்து விழுகிறாள், மகளைப் புண்படுத்துகிறாள், தான் சொல்வதுதான் சரி என்று மல்லுக்கு நிற்கிறாள். யாரும் தன்னை நம்பவில்லை என்ற கோபத்தில் அவள் தாடை இறுகுவதைப் பார்த்தபோது நான் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். மீதியை மறுநாள்தான் பார்க்க முடிந்தது.

முப்பது ஆண்டுகள் தொடர்ந்து படப்பிடிப்புத் தளத்திலேயே இருந்த ஒருவரால் இதைச் செய்திருக்க முடியாது என்று நான் சொல்லமாட்டேன். முடிந்திருக்கலாம். ஆனால் இவர் இதற்கு முன் 23 ஆண்டுகள், மருத்துவமனைக் கடிதத்தையும் வீட்டு வாடகைச் சீட்டையும் தூக்கிக்கொண்டு வந்த கிழவர்கள், கிழவிகளுக்கு எதிரில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்.

#19 பாப்கார்ன் பாண்டி

முந்தானை முடிச்சைப் படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை அக்கா.

புதிதாகப் பார்க்கிறவன் எங்கே தொடங்கலாம்? ஆறு பகுதி ராணித் தொடர் என்றால் எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

#20 நாடகப்பித்தன்

மோர்கம்–வைஸ் துணுக்கில் தொடங்குங்கள், பாண்டி. சில நிமிடம்தான். பிறகு 'சண்டே பிளடி சண்டே'. கடைசியாக 'தி கிரேட் எஸ்கேப்பர்', மைக்கேல் கெயினோடு. 1975-இல் 'தி ரொமான்டிக் இங்கிலீஷ்வுமன்' படத்தில் கணவன் மனைவியாக நடித்தவர்கள், மறுபடியும் கணவன் மனைவியாக. முதியோர் இல்லத்திலிருந்து சொல்லாமல் கிளம்பி இரண்டாம் உலகப் போரின் நார்மண்டித் தரையிறக்க நினைவு விழாவுக்குப் போய்வந்த ஒரு முன்னாள் படைவீரரின் உண்மைக் கதை. ஜாக்சன் 2023 ஜூன் 15-இல் காலமானார், 87 வயது. படம் அக்டோபரில் வெளியானது. அதோடு கெயினும் ஓய்வை அறிவித்துவிட்டார்.

#21 ஒற்றைத்திரை

மூன்று நாளாகப் பதில் எழுதாததற்குக் காரணம், வாசகி சொன்ன இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

'சண்டே பிளடி சண்டே'யில் குழாய்த் தண்ணீர்க் காப்பியைக் கண்டுபிடித்துவிட்டேன். நிறுத்தி இரண்டு முறை பார்த்தேன். கூடுதலாக ஒரு தகவல்: தெருவில் நிற்கும் கார்களைக் கீறிக்கொண்டு போகும் பொடியன்களில் ஒருவன் டேனியல் டே லூயிஸ். பெயர்ப் பட்டியலில் கிடையாது.

மோட் பற்றி இப்போது எழுத வரவில்லை. என் அம்மாவும் உடன் உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும், "இந்த அம்மா இதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தாங்க?" என்று கேட்டார். நடிகை என்று சொல்ல வாயெடுத்தேன். எம்.பி.யாக இருந்தார் என்று சொன்னேன். "அதான்" என்று எழுந்து போய்விட்டார்.

டென்ச்சும் ஸ்மித்தும் நடித்த படங்களில் குறைந்தது இரண்டு படங்களாவது இவருக்குக் கிடைத்திருக்கலாம் என்ற ஆசை எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் இழையின் தலைப்பிலிருக்கும் அந்தக் கடைசிச் சொல்லை எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். 24 மணி நேரம் கடந்துவிட்டால் தலைப்பைத் திருத்த முடியாதாம். மட்டுறுத்துநர் யாராவது இதைப் பார்த்தால் எடுத்துவிடுங்கள்.